வெயிலில் வாடிய ரூபார்ப் செடியைத் தேற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை தொடங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். "காலையில் நன்றாகத்தான் இருந்தது, மதியம் பார்த்தால் விழுந்து கிடக்கிறது" என்று ஆரம்பித்து, "பிடுங்கிப் போட்டுவிடட்டுமா?" என்பதில் வந்து நிற்கும். ரூபார்ப் என்பது புளிப்பான, தடித்த இலைக்காம்புக்காக வளர்க்கும் செடி. பறித்துச் சமைக்கும் அந்தக் காம்பைத்தான் தண்டு என்றும் சொல்கிறோம். பல வருடங்களாக இதை வளர்க்கிறேன். வெயிலில் செடிகளை இழந்திருக்கிறேன். செத்துவிட்டது என்று கைவிட்டவை திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேருக்கும் இலைக்காம்புக்கும் நடுவே, மண்ணுக்குச் சற்றுக் கீழே, மொட்டுகளோடு கட்டையாக ஒரு கிழங்குப் பகுதி இருக்கும். அதைத்தான் இங்கே தூர் என்கிறேன். கீழே உள்ள பதில்களில் பாதி இந்தத் தூரைப் பற்றியவைதான்.

இலையெல்லாம் தரையில படுத்துடுச்சு. செடி செத்துப் போச்சா?

பெரும்பாலும் இல்லை. ரூபார்ப் பல ஆண்டு வாழும் செடி. இலைகள் ஒரு பருவத்துக்கு உழைத்துச் சம்பாதிப்பவை. சேமிப்பு முழுக்கத் தூரிலும் அதன் கீழுள்ள தடித்த வேரிலும் இருக்கிறது. மேலே ஒரு இலைகூட மிஞ்சாவிட்டாலும் தூர் கெட்டியாக இருந்தால் செடி மறுபடி குருத்து விடும்.

வாடியிருப்பது எந்த நேரத்தில் என்று பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குத் தொங்கிய இலை பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் பயமில்லை. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே தொங்கிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது ஒன்று மண் காய்ந்திருக்கும், அல்லது வேர் அழுகத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது. அதனால் மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயைத் திறக்காதீர்கள்.

எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்?

சைபீரியா, மங்கோலியா, வட சீனம் போன்ற குளிர் நிலங்களின் இனங்களிலிருந்து வந்த செடி இது. சித்த மருத்துவத்தில் ரேவல்சின்னி என்று வழங்கும் வேரும் இதே பேரினத்துச் செடிகளுடையதுதான். அவையும் குளிர்ந்த மலைகளில் விளைபவை. கோடையின் சராசரி வெப்பம் 24 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் ரூபார்ப் தெம்பாக இருக்கும். பகல் வெப்பம் 27 டிகிரியைத் தாண்டும்போது வளர்ச்சி மந்தமாகும். 32 டிகிரிக்கு மேல் போய் நாள் கணக்கில் நீடித்தால் புதுக் குருத்து வருவது நின்று, இருக்கும் இலைகளும் ஒவ்வொன்றாகச் சாயும்.

இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். பகலில் 34 டிகிரி அடித்தாலும் இரவு நன்றாகக் குளிர்ந்தால் செடி சமாளித்துக்கொள்ளும். இரவும் புழுக்கமாகவே இருந்தால் 30 டிகிரியிலேயே துவண்டுவிடும். பகலில் இழந்த நீரை வேர் இழுத்து நிரப்புவது இரவில்தான்.

மண்ணு ஈரமாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் வாடுது?

ஒரு முற்றிய ரூபார்ப் இலையை விரித்துப் பாருங்கள், முறம் போல இருக்கும். அப்படிப் பத்துப் பதினைந்து இலைகள் ஒரே நேரத்தில் நீரை ஆவியாக விடுகின்றன. உச்சி வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் இழுத்துக்கொடுக்க முடியாது, மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் சரி. செடி உடனே இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இலையைத் தொங்கவிட்டு வெயில் படும் பரப்பைக் குறைக்கிறது. அது தற்காப்பு. அந்த நேரத்துக்கு இன்னொரு வாளி தண்ணீரால் எந்தப் பயனும் இல்லை.

நான் முதன்முதலாக ஒரு செடியைக் கொன்றது இப்படித்தான். தினமும் மதியம் வாடியதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தினமும் இரண்டு பூவாளி ஊற்றினேன். பத்து நாளில் காம்புகள் அடியோடு கழன்று கையோடு வந்தன. அடியில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தது, நாற்றமும் அடித்தது. வெப்பமும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் தூரழுகல் பூசணத்துக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. எனக்குத் தெரிந்தவர்களின் தோட்டங்களிலும் வெயிலில் போன செடிகளைவிட, வெயிலுக்குப் பயந்து ஊற்றிய தண்ணீரில் போன செடிகளே அதிகம்.

இது வெயில் கருகலா, நோயா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

வெயில் கருகல் இலையின் ஓரத்திலும் நரம்புகளுக்கு இடைப்பட்ட இடத்திலும் வரும். முதலில் வெளிறி, பிறகு பழுப்பாகி, தொட்டால் காகிதம் போல நொறுங்கும். வெயில் நேராகப் படும் பக்கத்து இலைகளில்தான் அதிகம் இருக்கும். அவற்றின் நிழலில் இருந்த உள்பக்க இலை பச்சையாகவே இருக்கும். இந்த ஒருபக்கச் சாய்வுதான் நம்பகமான அடையாளம்.

சிறு வட்டப் புள்ளிகளாக, சிவந்த விளிம்போடு, நிழல் பக்கம் வெயில் பக்கம் என்ற வித்தியாசமில்லாமல் எல்லா இலையிலும் பரவினால் அது இலைப்புள்ளி நோயாக இருக்கலாம். இலை முழுவதும் ஊசியால் குத்தியது போல மங்கலான வெளிர்ப் புள்ளிகளும், அடிப்பக்கம் மெல்லிய வலையும் தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். வறண்ட வெப்பத்தில் அது பெருகும். இலையின் அடிப்பக்கத்தில் காலை நேரத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெருமளவு குறையும்.

செடிக்கு உயிர் இருக்கான்னு தூரை எப்படிப் பார்க்கறது?

மண்வெட்டி வேண்டாம், விரல் போதும். காம்புகள் கிளம்பும் இடத்தில் மேல்மண்ணை மெதுவாக விலக்குங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே தூர் தட்டுப்படும். அதன்மேல் கட்டைவிரல் நுனி அளவுக்கு, சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ, மெல்லிய பழுப்புத் தோல் போர்த்திய மொட்டுகள் இருக்கும். அழுத்திப் பார்த்தால் பச்சை உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. மண்ணை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

மொட்டு எதுவும் தெரியவில்லையா? தூரின் ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே மஞ்சளாக, ஈரப்பசையோடு இருந்தால் நல்லது. பழுப்பாகி விரல் உள்ளே இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. ஒரு பக்கம் அழுகியிருந்தாலும் மறுபக்கம் நன்றாக இருக்கலாம், சுற்றிவரப் பாருங்கள். ஒரு தடவை பார்த்தால் போதும். வாராவாரம் கிளறினால் அதுவே புண்ணாகிவிடும்.

சரி, உயிர் இருக்கு. முதல்ல என்ன செய்யணும்?

அன்றே செய்ய வேண்டியவை மூன்றுதான். மதிய வெயிலை மறையுங்கள். மண் காய்ந்திருந்தால் மட்டும் ஆழமாக ஒரு முறை நீர் விடுங்கள். தண்டு பறிப்பதை உடனே நிறுத்துங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "எப்படியும் வாடிப்போகப் போகிறது, இருப்பதையாவது பறித்துக்கொள்வோம்" என்று மொத்தத்தையும் இழுத்துவிடுகிறார்கள். பச்சை மிச்சமிருக்கும் ஒவ்வொரு இலையும் தூருக்கு உணவு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெயிலடிபட்ட செடியிலிருந்து அதையும் பிடுங்குவது, காய்ச்சலில் கிடப்பவரின் கஞ்சியைப் பறிப்பது போல. அந்தப் பருவம் முழுவதும் ஒரு தண்டுகூட எடுக்காதீர்கள்.

தண்ணி எவ்வளவு, எப்போ ஊத்தணும்?

சாதாரண நாட்களில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீர் போதும். ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்று கணக்கு. கடும் வெயில் நாட்களில் இது கூடும். மணல் மண்ணில் இருமடங்குகூட ஆகலாம். ஆனால் கணக்கைவிட விரல் நம்பகமானது. செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி விரலை முழுவதுமாக மண்ணில் விடுங்கள். நுனியில் ஈரம் தட்டினால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்.

தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஆழமாக விடுவது நல்லது. மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே வந்து நிற்கும், மேல்மண் சூடேறும்போது முதலில் அடிபடுவதும் அதுதான். அதிகாலையில் ஊற்றுங்கள். தூரின் தலையில் கொட்டாமல், ஒரு சாண் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டி அதில் விடுங்கள். இன்னொன்று: வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயில் தேங்கிய தண்ணீர் கை சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். முதலில் வரும் அந்தத் தண்ணீரை வேறு பக்கம் விட்டு, குளிர்ந்து வந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

மதியம் தண்ணி பட்டா இலை எரிஞ்சுடும்னு சொல்றாங்களே?

நீர்த்துளி பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து இலையை எரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. ரூபார்ப் போன்ற வழவழப்பான இலையில் அப்படி நடப்பதில்லை. துளி எரிக்கும் முன் காய்ந்துவிடும். மதியம் ஊற்றாமல் இருப்பதற்குக் காரணம், நீரில் ஒரு பகுதி ஆவியாகி வீணாவதுதான். காலையில் மறந்துபோய், மண் உண்மையிலேயே வறண்டு, செடி துவண்டு கிடந்தால் மாலைவரை காத்திருக்க வேண்டாம். உடனே மண்ணுக்கு ஊற்றுங்கள்.

நிழல் எப்படிப் போடணும்? துணி போர்த்தினா போதுமா?

போர்த்தக் கூடாது. இலைமேல் நேராகப் படும் துணி உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கும், காற்றும் போகாது. நான்கு குச்சி நட்டு, இலைகளுக்கு மேலே குறைந்தது ஓரடி இடைவெளி விட்டு, 30 முதல் 50 சதவீத நிழல்வலையைக் கட்டுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். அதற்கு மேல் அடர்த்தியான வலை போட்டால் செடிக்கு வெளிச்சம் போதாமல் காம்பு நீண்டு மெலியும்.

காலை வெயில் இந்தச் செடிக்கு நல்லது, மதியத்துக்குப் பிறகு வரும் மேற்கு வெயில்தான் எதிரி. வலை இல்லையென்றால் மேற்குப் பக்கம் மட்டும் ஒரு ஓலைத் தட்டியோ பலகையோ நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பக்கத்தில் வெள்ளைச் சுவரோ சிமென்ட் தரையோ இருந்தால் அதிலிருந்து திரும்பி அடிக்கும் சூட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இரவுகள் குளிரத் தொடங்கியதும் வலையை எடுத்துவிட வேண்டும். தேறும் காலத்தில் செடிக்கு முழு வெளிச்சம் தேவை.

மூடாக்கு போட்டா தூர் அழுகாதா?

தூரின் மேலேயே குவித்தால் அழுகும். தள்ளிப் போட்டால் அழுகாது. வைக்கோல், காய்ந்த இலை, மக்கிய உரம் என எது கிடைத்தாலும் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். நடுவில் ஒரு கையகலம் வெற்று மண் தெரிய வேண்டும். மண்ணை நனைத்த பிறகே மூடாக்கு போடுங்கள். காய்ந்த மண்ணின்மேல் போட்டால் அடுத்து ஊற்றும் நீரை மூடாக்கே குடித்துவிடும்.

கருகின இலைய வெட்டிடலாமா?

முழுவதும் காய்ந்து பழுப்பானதை எடுத்துவிடலாம். காம்பின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் சுத்தமாக வரும். கத்தியால் வெட்டி மிச்சம் விடும் அடிக்காம்பு, ஈரம் பட்டால் அழுகி தூருக்கு இறங்கும். இழுத்தால் வராமல் கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது இன்னும் முழுதாகச் சாகவில்லை.

பாதி கருகி, பாதி பச்சையாக இருக்கும் இலை பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் அதை விட்டுவையுங்கள். அந்தப் பாதிப் பச்சை வேலை செய்கிறது, அதோடு அடியில் உள்ள குருத்துக்கும் மண்ணுக்கும் குடை பிடிக்கிறது. எடுத்த இலைகளைக் கம்போஸ்ட் குழியில் தாராளமாகப் போடலாம். இலையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் மக்கும்போது சிதைந்துவிடும்.

உரம் போட்டா சீக்கிரம் தேறுமா?

வெயில் இருக்கும்வரை எந்த உரமும் வேண்டாம். தழைச்சத்து கொடுத்தால் செடி மென்மையான புது இலைகளை விடும். அவை அடுத்த வெயிலிலேயே கருகும், அதற்காகத் தூரின் சேமிப்பும் செலவாகும். காய்ந்த மண்ணில் ரசாயன உரம் விழுந்தால் உப்புச் செறிவு கூடி வேர் நீர் உறிஞ்சுவதே தடைப்படும். இலை ஓரம் இன்னும் கருகும். அதைப் பார்த்து "சத்து போதவில்லை" என்று இன்னும் கொஞ்சம் போடுவார்கள்.

எப்சம் உப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். அது மக்னீசியக் குறைபாட்டுக்கானது, வெயில் காயத்தை ஆற்றாது. உரத்துக்கான நேரம் வெயில் தணிந்த பிறகு வரும், கீழே சொல்கிறேன்.

இந்த நிலைமையிலும் பூத்தண்டு வருதே, விடலாமா?

விடாதீர்கள். இலைகளுக்கு நடுவே உருண்டையாக, மடித்த முட்டைக்கோசு மாதிரி ஒரு மொட்டு தலைகாட்டும், கீழே கெட்டியான தண்டு இருக்கும். வெப்பமும் வறட்சியும் செடியை விதை விடத் தூண்டும். வயதான, நெருக்கியடித்த தூரிலும் இது அடிக்கடி வரும். விதைக்குப் போகும் சத்து தூரிலிருந்துதான் போகிறது. பூ விரியும் முன்பே, எவ்வளவு அடியில் முடியுமோ அவ்வளவு அடியில் வெட்டி எடுங்கள். மீண்டும் வந்தால் மீண்டும் வெட்டுங்கள்.

புதுசா வர்ற தண்டு மெலிசா, பச்சையா இருக்கு. ரகம் மாறிடுச்சா?

ரகம் மாறாது. சிவப்பு நிறம் குளிரில் நன்றாக ஏறும், வெயிலில் மங்கும். மெலிவது, தூரின் சேமிப்பு குறைந்திருப்பதன் அடையாளம். இந்தத் தண்டுகளைத் தொடாமல் இலை விரிய விட்டால் ஒன்றிரண்டு பருவத்தில் பழைய கனம் திரும்பும். இரண்டு குளிர்காலம் கழிந்தும் பென்சில் கனத்திலேயே வந்தால், காரணம் வெயில் என்று நினைக்காதீர்கள். தூர் நெருங்கிப்போயிருக்கலாம், அல்லது வேர் அழுகல் உள்ளே இருக்கலாம். தோண்டிப் பாருங்கள்.

வாடின செடியோட தண்டு விஷமாயிடும்னு சொல்றாங்க, உண்மையா?

விஷம் எப்போதும் இலையில்தான். இலைப்பரப்பில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், அதை எந்தப் பருவத்திலும் உண்ணக் கூடாது. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் காய்கறிக்குப் பதிலாக இந்த இலையை உண்ணலாம் என்று பரிந்துரைத்து, நச்சாகி உயிர்கள் போன வரலாறு உண்டு. வெயிலில் துவண்டதால் தண்டு நஞ்சாகிவிடாது. நாராகவும், உள்ளே சக்கையாகவும் இருக்கும், அவ்வளவுதான். அடிப்பகுதி கொழகொழத்துப் போன தண்டை மட்டும் தூக்கிப் போடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள், நல்ல தண்டாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டு உண்பது நல்லது.

விஷமில்லை என்றால் பறிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஏன் கூடாது என்று மேலே, முதல் நாள் செய்ய வேண்டியவற்றில் சொல்லியிருக்கிறேன்.

தொட்டியில வெச்சிருக்கேன். தரையில இருக்கறதைவிட சீக்கிரம் வாடுதே?

தொட்டிச் செடிக்கு வெயில் இரண்டு பக்கமும் அடிக்கிறது. மேலே இலை வாடும்போதே, பக்கச் சுவர் வழியாக வேரும் சுடுகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் பக்கத்தை மதியம் தொட்டுப் பாருங்கள், கையை வைத்திருக்க முடியாது. அந்தச் சுவரை ஒட்டிய வேர்கள் வெந்துபோகலாம். தொட்டியை நகர்த்த முடிந்தால் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் வெள்ளைத் துணியோ சாக்கோ சுற்றுங்கள், அல்லது ஒரு பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் வைக்கோலை அடையுங்கள். சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் ஏற்றுங்கள்.

ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஓடிவந்தால் செடி குடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மண் காய்ந்து சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். அந்த இடுக்கு வழியாக நீர் வழுக்கிப் போகிறது, நடுவில் மண் வறண்டே கிடக்கிறது. தொட்டியைத் தண்ணீர் நிறைந்த அகலப் பாத்திரத்தில் அரை மணி நேரம் உட்கார வைத்து, பிறகு எடுத்து நன்றாக வடியவிடுங்கள். 40 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் ரூபார்ப் நீண்ட நாள் தாக்குப்பிடிக்காது. வெயில் தணிந்ததும் பெரிதுக்கு மாற்றுங்கள்.

மேல ஒண்ணுமே இல்லாம மறைஞ்சுடுச்சு. இன்னும் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணுமா?

தூரைத் தொட்டுப் பார்த்துக் கெட்டி என்று தெரிந்தால், அது கோடை உறக்கத்தில் இருக்கிறது. இந்த உறக்கத்தைக் கலைக்க முயலாதீர்கள். இலை இல்லாத செடி மிகக் குறைவாகவே நீர் குடிக்கும். முன்பு ஊற்றிய அளவில் ஊற்றினால் நான் கொன்ற செடியின் கதைதான். மண் தூளாகிவிடாமல், உள்ளே லேசான ஈரம் மட்டும் இருக்கும்படி பத்து நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் விடுங்கள். மூடாக்கு இருக்கட்டும். செடி இருந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள், மறந்துபோய் அங்கே தோண்டிவிடுவோம்.

என்னிடம் ஒரு செடி இப்படி ஏழு வாரம் கிடந்தது. அந்த இடத்தைக் கொத்திச் சமப்படுத்தலாம் என்று குனிந்தபோது, குச்சியின் ஓரமாக மண் சின்னதாக வெடித்து, கசங்கிய துணி மாதிரி சுருண்ட ஒரு குருத்து, சுண்டுவிரல் நகத்தளவு, சிவப்பாக எட்டிப் பார்த்தது. முந்தின இரண்டு இரவுகள் குளிர்ந்திருந்தன. வேறெதையும் நான் செய்யவில்லை.

வெயில் தணிஞ்சதும் என்ன செய்யணும்? எப்போ மறுபடி பறிக்கலாம்?

புதுக் குருத்து இரண்டு மூன்று இலையாக விரிந்த பிறகு, இரண்டு கூடை மக்கிய தொழுவுரமோ கம்போஸ்டோ தூரைச் சுற்றிப் போட்டு நீர் விடுங்கள். வேறு உரம் தேவையில்லை. வழக்கமான நீர்ப்பாய்ச்சலுக்குத் திரும்புங்கள். குளிர்காலத்தில் இலைகள் பட்டுப்போவது இயல்பு, அதைக் கண்டு பதற வேண்டாம். 4 அல்லது 5 டிகிரிக்குக் கீழே பல வாரங்கள் குளிர் பட்டால்தான் தூரின் மொட்டுகள் அடுத்த வசந்தத்தில் வீரியமாக முளைக்கும்.

அந்த வசந்தத்தில் தண்டு விரல் கனத்துக்கு மேல் வந்தால் சில வாரங்கள் மட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் எடுக்கலாம். மெலிந்து வந்தால் அந்த வருடமும் விட்டுவிடுங்கள். நட்டு ஒரு வருடமே ஆன இளஞ்செடி வெயிலில் அடிபட்டிருந்தால், அதைப் புதிதாக நட்டதாகவே கருதி ஒரு முழு வருடம் தொடாமல் இருங்கள்.

இப்பவே தோண்டி நிழலான இடத்துக்கு மாத்திடட்டுமா?

வேண்டாம். ஏற்கெனவே நீர் இழுக்கத் திணறும் செடியின் வேரை அறுப்பதாகிவிடும். இப்போதைக்கு நிழலைச் செடியிடம் கொண்டுவாருங்கள். செடியை மாற்றுவதற்கு அது உறங்கும் குளிர்காலக் கடைசியோ, மொட்டு அசையத் தொடங்கும் வசந்தத் தொடக்கமோ சரியான நேரம். அப்போது தூரைப் பிரித்தும் நடலாம். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு நல்ல மொட்டும் கணிசமான வேரும் இருக்க வேண்டும். மொட்டு மண்ணுக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே, செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி. வெயிலில் தோண்டக் கூடாது என்பதற்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அடுத்த கேள்வி.

தூர் பாதி அழுகிடுச்சு. மீதியக் காப்பாத்த முடியுமா?

முயன்று பார்க்கலாம், உறுதி சொல்ல மாட்டேன். அழுகல் நமக்காகக் காத்திருக்காது, எனவே வெயிலென்றும் பாராமல் மாலை நேரத்தில் தோண்டி எடுங்கள். மண்ணைக் கழுவிவிட்டு, சுத்தமான கத்தியால் பழுப்பை வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். மஞ்சளான கெட்டிச் சதை தெரியும் வரை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் பழுப்பு இருக்கட்டுமே என்று இரக்கப்பட்டு விட்டால் அங்கிருந்தே மறுபடி தொடங்கும். மொட்டுள்ள துண்டை ஒரு நாள் நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் உலர்ந்த பிறகு, வடிகால் நன்றாக உள்ள புது மண்ணில், மேட்டுப் பாத்தியிலோ தொட்டியிலோ நடுங்கள்.

பழைய இடத்தில் பல வருடங்களுக்கு ரூபார்ப் நடாதீர்கள், பூசணம் மண்ணிலேயே தங்கியிருக்கும். அழுகிய துண்டுகளைக் கம்போஸ்ட் குழியில் போடவும் வேண்டாம்.

வெயிலுக்குத் தாங்கற ரகம் எதுவும் உண்டா?

வெயிலை விரும்பும் ரகம் எதுவும் கிடையாது, மற்றவற்றைவிடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்பவை உண்டு. விக்டோரியா என்ற பழைய ரகம் அவற்றில் ஒன்று. 1837-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது, இன்றும் பரவலாக நடப்படுகிறது. தண்டு பெரும்பாலும் பச்சை, அடியில் மட்டும் சிவப்பு. அடர் சிவப்பு ரகங்கள் பார்க்க அழகு, ஆனால் பொதுவாக வீரியம் குறைவு. வெயிலடிபட்டால் தேறவும் நாளாகும்.

எங்க பக்கம் குளிர்காலமே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் இதே போராட்டம்தானா?

அப்படிப்பட்ட இடத்தில் பல வருடச் செடியாக வளர்க்கும் முயற்சியை விட்டுவிடுவது நல்லது. இதைச் சொல்ல எனக்கே மனசில்லை, ஆனால் வருடா வருடம் செடி இளைத்துக்கொண்டே போவதைப் பார்ப்பது அதைவிட வருத்தம். கோடை வெயில் ஒன்றென்றால், மொட்டை எழுப்பும் குளிர் கிடைக்காதது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் எந்த நிழல்வலையும் ஈடுகட்டாது.

அதற்குப் பதில் ஒருபருவப் பயிராக விதையிலிருந்து வளர்க்கலாம். ஃபுளோரிடா போன்ற வெப்பப் பகுதிகளில் இப்படிச் செய்கிறார்கள். கோடையின் கடைசியில் விதையை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, குளிர்ச்சியான நிழலில் தட்டில் விதையுங்கள். மண் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டு வாரத்துக்குள் முளை வரும். நான்கைந்து இலை வந்து, வெயிலும் தணிந்த பிறகு நிலத்துக்கு மாற்றுங்கள். குளிர் மாதங்கள் முழுவதும் வளர்ந்து, அடுத்த வெயில் தொடங்குவதற்கு முன் பறிக்கத் தண்டு கொடுக்கும். அடுத்த வருடத்துக்காகத் தூரைக் காக்க வேண்டியதில்லை என்பதால், இந்த முறையில் மட்டும் கடைசியில் மொத்தத் தண்டையும் பறித்துக்கொள்ளலாம். விதைச் செடிகள் ஒன்றுபோல் இருக்காது, சில சிவக்கும், சில பச்சையாகவே நிற்கும். தேவைக்கு இரண்டு மடங்கு நாற்று விட்டு, தடித்த காம்புள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து நடுங்கள்.